ஜவசிங்க பானத்தை நான் கொட்டியது ஏன்

வாக்குமூலம் அளிப்பவர்: செபமாலை ரொஷானி. வயது 27. கத்தோலிக்கர். தொழில் பாலர் பாடசாலை ஆசிரியை. வதிவிடம் ஆலயத்துக்குப் பின் வீதி, வஹகோட்டை. அடையாள அட்டை பார்வையிடப்பட்டது. தமிழில் கேட்டுத் தமிழிலேயே எழுதப்படுகிறது.

நான் மேலே சொன்ன விலாசத்தில் என் தாயாருடன் வசிக்கிறேன். வார நாட்களில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் யாராவது கூப்பிட்டால் கடைத் திறப்பு, விளம்பர நிகழ்ச்சி போன்றவற்றுக்கு நாள் வேலைக்குப் போவதுண்டு. இன்று காலை மாத்தளை நகரில் ‘ஜவசிங்க’ என்ற சக்திப் பான நிறுவனத்தின் கூடாரத்தில் மேசையைக் கவிழ்த்துச் சேதம் விளைவித்ததாக, அதன் பிரசார முகாமையாளர் ஷியாம் என்பவர் என் மீது செய்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விளங்கிக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கடந்த மாதம் கலேவெலையில் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும்.

கடந்த மாத முதல் சனிக்கிழமை கலேவெல சந்தைக்கு அருகில் இந்த நிறுவனத்தின் விளம்பர நிகழ்ச்சி இருந்தது. மேற்படி ஷியாம் என்னைத் தொலைபேசியில் அழைத்து, வருகிறவர்களுக்குப் பவுடர் கரைத்துக் கொடுத்துச் சிரித்த முகத்தோடு நின்றால் போதும் என்றார். அன்று காலை எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் ரபாயேல் என்பவரின் த்ரீவீல் ஆட்டோவில் போனேன். அவருக்கு வயது நாற்பத்து நான்கு. மனைவி பெயர் மார்ஜரி. நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பாலர் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவரும் அவரே. பிள்ளைகள் அழுதால் கொடுப்பதற்கென்று சீட்டுக்கு அடியில் இஞ்சி பிஸ்கட் வைத்திருப்பார். நிகழ்ச்சி முடியும் வரை இருந்து என்னைத் திரும்பக் கூட்டிப் போவதாகச் சொன்னார்.

கூடாரத்தில் எனக்குச் சிவப்பு டீசேர்ட் ஒன்றைக் கொடுத்தார்கள். மேசையில் பக்கட்டுகள் அடுக்கியிருந்தன. மேசைக்குக் கீழே அதே பவுடர் நிரப்பிய பெரிய டின் ஒன்றும் இருந்தது. ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒரு பக்கட் என்றும், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் குடிக்கக் கூடாது என்றும், இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் குடிக்கவே கூடாது என்றும் பக்கட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை வாசித்துவிட்டு, மைக்கில் இதையும் சொல்வோமா என்று ஷியாமிடம் கேட்டேன். அதற்கு அவர், “மிஸ், இது சந்த. இங்க வந்து யாரு லேபல் படிக்கப் போறாங்க?” என்றார்.

அதன் பிறகு கூட்டத்தின் முன்னால் முதல் கிளாசை என்னையே குடிக்கச் சொன்னார். குடித்தேன். நாக்கில் முதலில் இருமல் மருந்தின் இனிப்பும், பின்னால் குளிசை கரைந்தது போன்ற கசப்பும் இருந்தது. உதட்டில் ஒட்டியது துடைத்தும் போகவில்லை. சிறிது நேரத்தில் காது மடல் சூடாகி, சும்மா நின்றிருக்கும்போதே மேட்டில் ஓடி ஏறியது போல நெஞ்சு அடித்தது. நான் குடித்தது ஒரே ஒரு கிளாஸ்.

அன்று வெயில் கடுமையாக இருந்தது. கிளாஸ்களைக் கழுவுவதற்கு ஒரு வாளித் தண்ணீர்தான் வைத்திருந்தார்கள். அதில் முக்கி எடுத்து அடுத்தவருக்குக் கொடுத்தோம். மதியத்துக்குள் அந்தத் தண்ணீர் கொழகொழவென்று சிவந்து போய், மேலே ஈக்கள் மிதந்தன. ஆட்கள் குடித்து மிச்சம் வைத்ததையும் வீணாக்காமல், பானம் கரைத்து வைத்திருந்த பெரிய கலயத்திலேயே திரும்ப ஊற்றும்படி ஷியாம் சொன்னார். நான் ஊற்றவில்லை. அவரே ஊற்றினார். வெற்றிலை போட்ட வாயால் ஒருவர் குடித்துவிட்டு வைத்த கிளாஸ் அது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதன் பிறகு போட்டி இருப்பதாக மைக்கில் அறிவித்தார். ஆறு பேர் மேசையில் உட்கார வேண்டும், ஐந்து கிளாசை முதலில் குடித்து முடிப்பவருக்கு ஒரு ரைஸ் குக்கர் பரிசு என்றார். நான் பக்கட்டுகளைப் பிரித்துக் கரைக்கத் தொடங்கியபோது அவர் ஒரு கிளாசை வாங்கிச் சுவைத்துப் பார்த்து, “இது சர்பத் மாதிரி இருக்கு. இதக் குடிச்சா ஒருத்தனுக்கும் ஒன்னும் ஆகாது. பாக்குறவங்களுக்கு ஒரு கிக் வேணாமா?” என்று சொல்லி, கீழேயிருந்த டின்னைத் தூக்கி மேசையில் வைத்தார். நான், “சேர், அதுல ஒரு நாளைக்கு ரெண்டுதான்னு போட்டிருக்கு. நான் கரைக்க மாட்டேன்” என்றேன். அவர் அகப்பையை என் கையிலிருந்து வாங்கி, டின்னிலிருந்து பவுடரைக் குவியல் குவியலாக அள்ளித் தானே கலயத்தில் போட்டுக் கலக்கினார். அளந்து போடவில்லை. பவுடர் முழுக்கக் கரையாமல் அடியில் சேறு போலத் தங்கியது. அந்தப் பானத்தைக் கரைத்தவர் ஷியாம்தான் என்பதைத் தெளிவாகப் பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

போட்டிக்குப் பெயர் கொடுத்த ஒருவர் வரவில்லை. ரபாயேல் அண்ணன் த்ரீவீலில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஷியாம் அவரைச் சுட்டிக்காட்டி மைக்கில், “அந்தா அந்த த்ரீவீல் அண்ணன் ரொம்ப நேரமா பாத்துக்கிட்டு இருக்காரு. பயமா அண்ணன்?” என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் போய், “அண்ணன், வேணாம். அவரு டின்ல இருந்து அள்ளிப் போட்டாரு” என்று காதில் சொன்னேன். அதற்கு அவர், “அட சும்மா இரு பிள்ள. கலர்த் தண்ணிதானே. மார்ஜரி ரைஸ் குக்கர் கேட்டு எவ்வளவு நாளு” என்றார். அவர் இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுத்துவந்தது எனக்கு அப்போது தெரியாது.

அதன் பிறகு போட்டி தொடங்கியது. பெரிய ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள். அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் நிஸ்தார் என்பவர். மரக்கறி லொறி ஓட்டுபவர், நல்ல உடம்புக்காரர். அவர் மூன்றாவது கிளாசைப் பாதியில் வைத்துவிட்டு, “ஏலாது. நெஞ்சுக்குள்ள கோழி அடிச்சுக்கிற மாதிரி இருக்கு” என்று எழுந்தார். அவருடைய கை நடுங்குவதைக் கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்கள். ஷியாம் மைக்கில், “பார்ட்டி அவுட்!” என்றார். மறுபடியும் கூட்டம் சிரித்தது. வேறு இருவரும் எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவர் கூடாரத்தின் பின்னால் போய் ஓங்கரிப்பது கேட்டது.

ரபாயேல் அண்ணன் நிறுத்தவில்லை. நான்காவது கிளாஸில் முகமெல்லாம் வேர்த்து ஒழுகியது. மீசையில் சிவப்பு வழிந்து தாடையில் சொட்டியது. கால் தானாக மேசைக்கு அடியில் அடித்துக்கொண்டேயிருந்தது. நான் ஷியாமின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தச் சொன்னேன். அவர் மைக்கை மூடிக்கொண்டு, “இப்பதான் சூடு பிடிக்குது. கெடுக்காதீங்க” என்றார். அதன் பிறகு அண்ணன் ஐந்தாவது கிளாசைக் குடித்து முடித்து, அடியில் தங்கிய பவுடர் தெரிய அதைக் கவிழ்த்துக் காட்டினார். ஷியாம் அவருடைய கையைப் பிடித்து உயர்த்தினார். உயர்த்திய கை விறைத்துக்கொண்டது. அண்ணன் என்னைப் பார்த்து, “பிள்ள, கண்ணு தெரியல” என்றார். நான் கேட்ட அவருடைய கடைசி வார்த்தை அதுதான்.

அப்படியே நாற்காலியோடு பின்னால் விழுந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. வாயாலும் மூக்காலும் சிவப்பாக நுரைத்துக்கொண்டு வந்தது. முதலில் இரத்தம் என்று நினைத்துப் பலர் கத்தினார்கள். பானத்தின் நிறம் என்று தெரிந்ததும் கத்தல் நின்று, போன்களைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கினார்கள். முன்னால் நின்ற ஒருவர் நன்றாகத் தெரிவதற்காக மற்றவர்களை விலகச் சொன்னார். நான் அண்ணனின் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, வாயில் அடைத்திருந்ததை விரலால் வழித்தெடுத்தேன். சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது. பழ மிட்டாய் வாசனையும் வாந்தி நாற்றமும் சேர்ந்து வீசியது. அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த நேரத்தில் ஷியாம் செய்தது என்னவென்றால், நிறுவனத்தின் பெயர் எழுதிய பெனரை அவிழ்த்துச் சுருட்டினார். படத்தில் பெயர் விழக் கூடாது என்று தன் உதவியாளரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. பாட்டை யாரும் நிறுத்தவில்லை.

அதன் பிறகு நிஸ்தாரும் நானும் இன்னும் இருவருமாக அண்ணனைத் தூக்கி, அவருடைய த்ரீவீலிலேயே ஏற்றினோம். நிஸ்தார்தான் ஓட்டினார். “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன குடித்தார் என்று கேட்டபோது, என் டீசேர்ட் பையில் இருந்த வெறும் பக்கட்டைக் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு, கோப்பியில் இருக்கும் அதே கஃபீன்தான் இதிலும் இருக்கிறது, அளவோடு குடித்தால் தூக்கத்தைக் கலைக்கும், இப்படிக் கூட்டிக் கரைத்து ஒரே மூச்சில் ஊற்றினால் இதயத்தின் ஓட்டமே தாறுமாறாகிவிடும் என்று சொன்னார். எத்தனை பக்கட் போட்டது என்று கேட்டார். டின்னிலிருந்து அள்ளிப் போட்டது, அளவு தெரியாது என்றேன். அவர் உள்ளே போனார். அன்று மாலையே அண்ணனைக் கண்டிக்கு மாற்றினார்கள்.

நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தபோது ஷியாம் எனக்குப் போன் எடுத்தார். அண்ணன் எப்படியிருக்கிறார் என்று கேட்கவில்லை. “மிஸ், அந்த மனுசன் காலையிலேயே சாராயம் போட்டுட்டுதான் வந்தாருன்னு சொல்லுங்க. உங்களுக்கும் அதுதான் நல்லது. கரைச்சது நீங்கதானே” என்றார். அண்ணன் குடிக்காதவர் என்பது வஹகோட்டையில் எல்லோருக்கும் தெரியும். நான் போனை வைத்தேன். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. விரல் நகங்களுக்குள் சிவப்பு ஏறியிருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது.

மறுநாள் அண்ணன் விழுந்து இழுக்கிற வீடியோ எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது. அவருடைய உடம்பு வெட்டுவதற்குத் தாளம் போட்டாற்போலப் பாட்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். கீழே ‘சிங்கத்தைத் தாங்காத அங்கிள்’ என்று எழுதியிருந்தது. அது ஊர்ப் பையன்கள் யாரோ செய்தது என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அது நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் அதற்குச் சிரிப்புக் குறி போட்டுச் சிரித்திருந்தார்கள். எனக்குப் படிப்பித்த ஆசிரியர் ஒருவரும் சிரித்திருந்தார். மார்ஜரி அக்கா கண்டியில், கணவருக்கு மூச்சு விடுவதற்குப் போட்ட மெசினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அடுத்த கட்டில் நோயாளியைப் பார்க்க வந்தவர் அந்த வீடியோவைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததாக என்னிடம் சொன்னார். அது தன் புருசன்தான் என்று அக்கா அவரிடம் சொல்லவில்லை. “சொல்லி என்ன பிள்ள செய்ய?” என்று என்னைக் கேட்டார்.

அந்த வாரத்திலேயே ரபாயேல் அண்ணன் இறந்துவிட்டார்.

செத்த வீட்டுக்கு ஷியாம் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கூடவே கெமராக்காரர் ஒருவரும் வந்தார். கையில் ரைஸ் குக்கர் பெட்டி இருந்தது. பெட்டியில் நிறுவனத்தின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சவப்பெட்டிக்குள் கிடத்தியிருந்த அண்ணனின் கால்மாட்டில் நின்றுகொண்டு, “அண்ணன் போட்டியில ஜெயிச்சவரு. அது அவருக்குச் சேர வேண்டியது. அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க” என்று சொல்லி அதை மார்ஜரி அக்காவின் மடியில் வைத்தார். அக்காவுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவில்லை. யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற நிலையில் அவர் இருந்தார். கெமராக்காரர் படம் எடுத்துவிட்டார். நான் எழுந்து அந்தக் குக்கர் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் ரோட்டில் வைத்தேன். ஷியாம் அதைத் திரும்ப எடுத்துத் துடைத்து, காரில் வைத்துக்கொண்டு போனார். தூசி தட்டித் துடைத்ததைத்தான் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

அதன் பிறகு மரண விசாரணையில் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நிஸ்தாரும் சொன்னார். உடற்கூற்று மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டிருப்பதாகவும் அறிக்கை வரவில்லை என்றும் அறிகிறேன். அறிக்கையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. அண்ணனுக்கு ஏற்கனவே இதய வருத்தம் இருந்தது என்று வரலாம். இருந்திருந்தால், அப்படிப்பட்டவர்கள் குடிக்கக் கூடாது என்றுதான் பக்கட்டில் எழுதியிருக்கிறது. அதை அவருக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.

இன்று காலை பாலர் பாடசாலைக்கு வர்ணப் பென்சில்களும் காகிதங்களும் வாங்க மாத்தளைக்கு வந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போது ஸ்பீக்கரில் ஷியாமின் குரல் கேட்டது. போய்ப் பார்த்தேன். அதே கூடாரம், அதே மேசை, ஆறு நாற்காலிகள். பரிசு இம்முறை மின்விசிறி. ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. டீசேர்ட் போட்ட ஒரு பெண் பக்கட்டுகளைப் பிரித்துக் கரைத்துக்கொண்டிருந்தார். பிறகு விசாரித்ததில் அவருடைய பெயர் மதுஷிகா என்று தெரிந்தது. நான் அவரிடம் போய், “தங்கச்சி, டின்ல இருந்து எடுத்தாரா?” என்று கேட்டேன். அவர், “ஓம் அக்கா, இப்பதான் சேர் போட்டாரு. ஏன்?” என்றார். நான் என் போனில் அண்ணனின் வீடியோவைக் காட்டினேன். அவர், “இது எனக்கும் வந்துச்சு. நடிக்கிறாருன்னு சொன்னாங்களே” என்றார். “நடிக்கல. செத்துட்டாரு” என்றேன். அந்தப் பிள்ளை கையிலிருந்த கிளாசை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றது.

அதன் பிறகு நான் ஷியாமிடம் போட்டியை நிறுத்தும்படி சொன்னேன். முதலில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்தார். மைக்கைத் தள்ளி வைத்துக்கொண்டு, “ஏன் மிஸ், உங்களுக்கு வேல தரலன்னு கோபமா? அந்த வீடியோவுக்குப் பொறகுதான் இது நல்லா ஓடுது. எல்லாரும் தாங்குதா பாப்போம்னு வாறாங்க” என்றார். இதே வார்த்தைகளைச் சொன்னார். மதுஷிகாவும் கேட்டார்.

அதன் பிறகு நான் கலயத்தை இரண்டு கையாலும் தூக்கி, அதிலிருந்த பானம் முழுவதையும் வீதியோரக் கழிவுநீர்க் கானில் ஊற்றினேன். பிறகு டின்னைத் திறந்து பவுடரையும் அதே கானில் கொட்டினேன். ஷியாம் என் கையைப் பிடிக்க வந்தபோது மேசையைத் தள்ளிவிட்டேன். அது கவிழ்ந்து கிளாஸ்கள் உடைந்தன. நான் யாரையும் அடிக்கவில்லை. கெட்ட வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்திருந்தவர்களிடம் மைக்கை எடுத்து, “இதக் குடிச்சு எங்க ஊர்ல ஒருத்தர் செத்துப் போனாரு. அவரு பேரு ரபாயேல். நீங்க பாத்துச் சிரிச்ச வீடியோவுல இருக்கிறது அவருதான்” என்று சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். சிலர் அதையும் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நரைத்த தலைக்காரர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, “அப்ப ஃபேன் இல்லயா?” என்று கேட்டார். பொலிஸார் வரும்வரை அங்கேயே நின்றேன்.

கேள்வி: நீர் செய்தது குற்றம் என்று தெரியுமா?
பதில்: அடுத்தவர் பொருளைக் கொட்டியது குற்றம் என்று தெரியும். கொட்டியது நான்தான். வேறு யாருக்கும் இதில் சம்பந்தம் இல்லை.

கேள்வி: நீர் மன்னிப்புக் கேட்டால் முறைப்பாட்டை வாபஸ் வாங்குவதாக முறைப்பாட்டாளர் கூறுகிறார். சமாதானமாகப் போக விருப்பமா?
பதில்: விருப்பமில்லை. மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீதிமன்றத்தில் ஆஜராகச் சொன்னால் ஆஜராவேன். அங்கேயும் இதையேதான் சொல்வேன்.

கேள்வி: வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா?
பதில்: இருக்கிறது. மதுஷிகா என்னோடு கூடவே நடந்து இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, வெளியே வாங்கில் உட்கார்ந்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். இன்று அந்தக் கலயத்தில் எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர். அவரிடமும் வாக்குமூலம் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் பயந்துபோயிருக்கிறார். ஆனால் சொல்வதாகச் சொன்னார்.

நான் சொன்னதை எழுதியபடியே எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொல்லி, உண்மையென ஏற்று இதன் கீழ் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செ. ரொஷானி